கணக்கு வாத்தியாரின் கணக்கு

கேரளம் தலையில் வைத்துக் கொண்டாடிய பைஜு ரவீந்திரனை நம்பலாமா? திருவனந்தபுரத்தில் ஒரு ராஜினாமா விவகாரம் அந்தக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

யாரையும் வேலையை விட்டு நீக்கவில்லை என்பதுதான் விசேஷம். 2022 அக்டோபரில் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் இருந்த பைஜூஸ் அலுவலக ஊழியர்களிடம் கேட்கப்பட்டது அவர்களுடைய ராஜினாமாக் கடிதம். நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று நெருக்குகிறார்கள் என்பது ஊழியர்களின் புகார். டெக்னோபார்க் ஊழியர் அமைப்பான பிரதித்வனியைக் கூட்டிக்கொண்டு அவர்கள் அமைச்சர் வி. சிவன்குட்டியைப் பார்க்கப் போனார்கள். சிவன்குட்டியிடம் அப்போது இரண்டு இலாகாக்கள் இருந்தன: தொழிலாளர் நலம், பொதுக் கல்வி. பாடம் விற்கும் கம்பெனி மீது வேலை பறிபோகிறது என்ற புகாரை விசாரிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைத்திருக்க முடியாது. தொழிலாளர் துறை விசாரிக்கும் என்று அறிவித்தார்.

ராஜினாமாவுக்கும் நீக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? காகிதத்தில் மலையளவு வித்தியாசம். ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ், நஷ்டஈடு என்று சட்டம் குறுக்கே வரும். தானாகவே விலகியவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. கம்பெனியோ, திருவனந்தபுரம் பிரிவைப் பெங்களூருடன் இணைக்கிறோம், அங்கே வருகிறவர்கள் வரலாம் என்றது. பாதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில்கூட ஒற்றுமை இல்லை. ஊழியர்கள் தரப்பில் 170-க்கும் மேல் என்றார்கள். கம்பெனி சொன்னது 140.

பெங்களூர் போகச் சொன்னதில் இன்னொரு உறுத்தலும் இருந்தது. கழக்கூட்டம் பகுதியில் 1990-ல் தொடங்கிய டெக்னோபார்க்தான் இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. படித்த மலையாளி வேலை தேடி மாநிலம் விட்டுப் போகக்கூடாது என்ற ஆசை அதற்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்தே ஒரு மலையாளி முதலாளி மலையாளிகளை வெளியே அனுப்புகிறாரே என்று முணுமுணுப்பு எழுந்ததில் ஆச்சரியமில்லை.

அடுத்த காட்சி சினிமாவைப்போல நடந்தது. முதல்வர் பினராயி விஜயனுடன் ரவீந்திரன் பேசினார். நவம்பர் 2-ம் தேதி முடிவு தலைகீழானது. அலுவலகம் மூடப்படாது, 140 பேரும் தொடர்வார்கள் என்றது கம்பெனி. கேரளத்தில் தங்களுக்கு 11 அலுவலகங்களும் 3,000 ஊழியர்களும் இருப்பதாகவும், மேலும் மூன்று அலுவலகங்கள் திறந்து 600 பேருக்கு வேலை தரப்போவதாகவும் சொன்னது. இரண்டே நாளில் அடுத்த அறிவிப்பு: கம்பெனியின் சமூகநலத் திட்டத்துக்கு உலகத் தூதர், லயனல் மெஸ்ஸி! உலகக் கோப்பைக்காகப் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கு ராட்சத கட்-அவுட் வைத்த மாநிலம் அது. ஆனாலும் அந்த வாரம் நாடெங்கும் 2,500 பேரை வீட்டுக்கு அனுப்பும் அறிவிப்பும் நிலுவையில் இருந்தது. சம்பளத்துக்கு இல்லாத காசு மெஸ்ஸிக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கால்பந்து ரசிகர்களுக்கும் தோன்றியது.

இத்தனைக்கும் கேரளம் இவரை நேசித்ததற்குக் காரணம் பணம் மட்டுமல்ல. கண்ணூர் பக்கத்து அழீக்கோடு. அப்பா இயற்பியல் ஆசிரியர், அம்மா கணித ஆசிரியை. வாத்தியாரை மரியாதையோடு 'மாஷ்' என்று அழைக்கும் ஊரில் மாஷின் மகனுக்குத் தனி மதிப்பு உண்டு. கப்பல் கம்பெனியில் இன்ஜினியராக இருந்தவர், நண்பர்களுக்கு 'கேட்' நுழைவுத் தேர்வுக்குச் சொல்லிக்கொடுக்கப்போய், பிறகு ஸ்டேடியங்களில் கூட்டம் கூட்டி வகுப்பு எடுத்தார். 2011-ல் 'திங்க் அண்ட் லேர்ன்' கம்பெனி, 2015-ல் செல்போன் செயலி, விளம்பரத்துக்கு ஷாருக் கான், இந்திய கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் கம்பெனிப் பெயர். 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்று முதலீட்டாளர்கள் கணித்தார்கள்.

அந்த மதிப்புக்கு அடியில் இருந்த கணக்கு வேறு. பாடத்தை மூன்று ஆண்டுக்கு மொத்தமாக விற்பது, பெற்றோரிடம் பணம் இல்லையென்றால் கடனும் ஏற்பாடு செய்வது - இதுதான் வியாபார முறை. (கொரோனா காலத்தில் கேரள அரசு விக்டர்ஸ் சேனலில் பள்ளிப் பாடங்களைக் காசில்லாமல் ஒளிபரப்பியது இதே திருவனந்தபுரத்திலிருந்துதான்.) மூன்று ஆண்டுப் பணத்தை முதல் ஆண்டிலேயே வருமானமாக எழுதினால் கம்பெனி கொழுத்துத் தெரியும். ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதினால் இளைத்துப்போகும். பிரித்து எழுதியபோது 2020-21-ம் ஆண்டின் நஷ்டம் ரூ. 4,588 கோடி என்று வந்தது. அந்தக் கணக்கு வெளியானதே ஒன்றரை ஆண்டு தாமதமாக, 2022 செப்டம்பரில். அதற்கு முன்பே சிவகங்கை எம்.பி. கார்த்தி சிதம்பரம் இதை விசாரிக்கும்படி மத்திய அரசின் மோசடி விசாரணை அலுவலகத்துக்கு எழுதியிருந்தார். அடுத்த ஆண்டுக் கணக்கு முழுமையாக வந்தது 2024 ஜனவரியில். நஷ்டம் ரூ. 8,245 கோடி.

பிறகு நடந்ததெல்லாம் சரிவு. கடனில் சிக்கவைத்து விற்கிறார்கள் என்ற பெற்றோர் புகார்களுக்காகக் குழந்தைகள் உரிமை ஆணையம் 2022 டிசம்பரில் அவரை அழைத்தது. 2023 ஏப்ரலில் அமலாக்கப் பிரிவு சோதனை; நவம்பரில் ரூ. 9,362 கோடிக்கு அந்நியச் செலாவணி விதிமீறல் நடந்ததாக நோட்டீஸ். விதிகளை மீறவில்லை என்பது கம்பெனியின் நிலை. இடையில், ஜூனில், ஆடிட்டர் டிலாய்ட் விலகியது. சொன்ன காரணம், கணக்கு வந்துசேரவில்லை. முதலீட்டாளர்கள் சார்பில் இருந்த மூன்று இயக்குநர்களும் போனார்கள். கிரிக்கெட் சட்டைக்கான பாக்கி ரூ. 158.9 கோடிக்காகக் கிரிக்கெட் வாரியம் தொடுத்த வழக்கில் 2024 ஜூலையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. தம்பி ரிஜு பணம் கட்டி சமாதானம் பேச, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்றது. கடன் கொடுத்த அமெரிக்கர்களின் முறையீட்டில் சுப்ரீம் கோர்ட் அக்டோபர் 23-ம் தேதி அந்தச் சமாதானத்தை ரத்து செய்தது.

அமெரிக்க வழக்குதான் எல்லாவற்றிலும் பெரிது. 2021-ல் வாங்கிய 120 கோடி டாலர் கடனில் 53.3 கோடி டாலர் எங்கே என்பது கேள்வி. அது ஒரு சிறிய முதலீட்டு நிதியத்துக்கு மாற்றப்பட்டது. நிதியத்தின் பழைய முகவரி மயாமியில் ஒரு பேன்கேக் ஓட்டல் என்று கடன் கொடுத்தவர்கள் கோர்ட்டில் சொன்னபோது விவகாரம் நகைச்சுவையாகவும் ஆனது. 2025 பிப்ரவரியில் டெலவேர் நீதிமன்றம் அந்த மாற்றத்தை மோசடியானது என்றது. கேட்ட ஆவணங்களைத் தரவில்லை என்பதால் நவம்பரில் ரவீந்திரன் மீது 107 கோடி டாலருக்குத் தீர்ப்பு வந்தது. டிசம்பரில் அதே நீதிமன்றம் அந்தத் தொகையை விலக்கி, நஷ்டஈட்டைத் தனியாக விசாரிப்போம் என்றது. தாங்கள் பணத்தை எடுக்கவில்லை, கடன் கொடுத்தவர்கள்தான் கம்பெனியை அழித்தார்கள் என்பது ரவீந்திரனின் வாதம்.

அவருக்காகப் பேச இன்றும் ஆள் உண்டு. 2023 இறுதியில் சம்பளம் கொடுக்கக் குடும்பத்தின் வீடுகளையே அடமானம் வைத்தார் என்பார்கள். வெயில் அடித்தவரை கூட இருந்த முதலீட்டாளர்கள் மழை வந்ததும் ஓடினார்கள் என்பார்கள். அரசு விசாரணையில் பண மோசடி தெரியவில்லை, நிர்வாகக் குறைகள்தான் என்று 2024 ஜூனில் வந்த செய்தியைக் காட்டுவார்கள். விசாரணை முடியவில்லை, எந்த முடிவுக்கும் வர வேண்டாம் என்று அமைச்சகமே உடனே சொல்ல வேண்டியிருந்தது. தப்பி ஓடவில்லை, தந்தையின் சிகிச்சைக்காகவே துபாயில் இருக்கிறேன் என்று ரவீந்திரன் 2024 அக்டோபரில் விளக்கினார். கம்பெனியின் மதிப்பு இப்போது பூஜ்யம் என்றும் அவரே சொன்னார்.

திருடரா, அவசரக்காரரா என்ற பட்டிமன்றம் இதனால் முடிவதாக இல்லை. ஆனால் ஆடிட்டர், இயக்குநர்கள், டெலவேர் நீதிபதி - மூவரும் வெவ்வேறு வார்த்தைகளில் கேட்டது ஒன்றைத்தான்: கணக்கைக் காட்டுங்கள். மாணவனின் விடைத்தாளில் வழிமுறை எழுதாவிட்டால் மதிப்பெண் குறைக்கும் கணக்கு வாத்தியாருக்கு இது புரியாத கேள்வி அல்ல. எண்ணம் நல்லதா கெட்டதா என்பதைக் கோர்ட்டுகள் முடிவு செய்யட்டும். கேட்டபோது காட்டாத கணக்கு நம்பிக்கையைத் தின்றுவிட்டது என்பதற்குத் தீர்ப்பு தேவையில்லை.

திருவனந்தபுரத்துக்குத் தந்த வாக்குறுதிக்கும் இந்தக் கணக்குதான் அடித்தளம். முதல்வர் கேட்டார், முதலாளி இறங்கிவந்தார், எல்லோரும் கைதட்டினார்கள். 600 வேலைக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பார்த்திருந்தால் கையில் வாங்கிப் பார்க்க அதற்கு முந்தைய நிதியாண்டின் கணக்குகூட அன்று தயாராக இல்லை. 2023-ல் கம்பெனி மேலும் ஆயிரக்கணக்கானவர்களை வெளியே அனுப்பியது.

திவால் சட்டத்தின் 53-வது பிரிவு, கம்பெனி கலைக்கப்பட்டால் யாருக்கு முதலில் பணம் என்று வரிசை போட்டிருக்கிறது. முதலில் நடவடிக்கைச் செலவு. அடுத்து, தொழிலாளர்களின் இரண்டு ஆண்டுப் பாக்கியும் ஈடு வாங்கிக் கடன் கொடுத்தவர்களும். அதற்கும் பிறகுதான் மற்ற ஊழியர்களின் ஓராண்டுச் சம்பளம். மூன்று ஆண்டுப் பாடத்துக்கு முன்பணம் கட்டிய பெற்றோர் நிற்பது அதற்கும் பின்னால்.