திட்டப் பணி நோட்டுடன் கடைக்கு வரும் மாணவர்கள்

பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் இன்று படிப்பு பாடப் புத்தகத்தோடு முடிந்துவிடுவதில்லை. மக்களுக்குப் பயன்படும் ஒரு பொருளைத் தாமே திட்டமிட்டு, வடிவமைத்து, செய்து காட்ட வேண்டும் என்று மாணவர்களிடம் எதிர்பார்க்கிறார்கள். மத்திய அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016இல் தொடங்கிய பின், 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காகப் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் ஏற்பட்டுள்ளன. திட்டப் பணிக்கான யோசனையைத் தேடி மாணவர்கள் கடைவீதிக்கும் வருகிறார்கள். "அப்புறம் வாங்க தம்பி" என்று அனுப்பிவிடுவது எளிது. அதனால் நஷ்டம் யாருக்கு என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

யோசனை பிறக்கும் இடம்

புதிய பொருள் என்றதும் பலரும் இயந்திரத்தையும் ஆய்வகத்தையும் நினைக்கிறோம். உண்மையில் அது ஒருவருடைய அன்றாடத் தொல்லையிலிருந்துதான் பிறக்கிறது. திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் இதற்கு நல்ல உதாரணம். தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதை அவர் கவனித்தார். கரி எவ்வளவு செலவாகிறது, புகை யாரைப் பாதிக்கிறது, கரிக்குப் பதில் எதைப் பயன்படுத்தலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அதன் பலனாக, கூரையில் சூரியத் தகடும் கீழே மின்கலமும் கொண்ட இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். செல்போன்களுக்கு மின்னேற்றம் செய்து தந்து தொழிலாளி கூடுதலாகச் சம்பாதிக்கவும் அதில் வழி வைத்தார். இவ்வண்டிக்காக 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு அவருக்குக் கிடைத்தது. 2021இல் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டிலும் அவர் உரையாற்றினார்.

நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மாணவி வண்டியை மட்டும் பார்க்கவில்லை; வண்டிக்காரரின் வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தார். பிழைப்புக்கு உதவாத பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்காட்சி மேஜையோடு நின்றுவிடும்.

ஏற்காட்டில் ஒரு திட்டம்

இதையே சேர்வராயன் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஏற்காட்டின் காப்பியும் மிளகும் பெயர் பெற்றவை. சுற்றுலா வருவோர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பொட்டலமாவது வாங்கிச் செல்ல விரும்புகிறார்கள். அங்குள்ள ஒரு மாணவர் குழு 'ஏற்காட்டுக் காப்பித் தூளுக்கு நல்ல பொட்டலம்' என்ற திட்டத்தை எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும்?

முதலாவது, தொல்லைகளைப் பட்டியலிடுதல். மலையில் பனிமூட்டமும் ஈரக்காற்றும் அதிகம்; தூள் கட்டிபடும், மணம் போகும். வறுத்த காப்பியிலிருந்து சில நாட்கள் வரை கரிவளி வெளிவந்துகொண்டே இருக்கும். உடனே இறுக்கி ஒட்டினால் பை உப்பும். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டில் காற்றழுத்தம் சேலத்தைவிட ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. கீழிருந்து வரும் சிப்ஸ் பாக்கெட்டுகள் மலைக்கடையில் உப்பித் தொங்குவது இதனால்தான். மலையில் ஒட்டிய பை கீழே போனால் சுருங்கும்.

இரண்டாவது, ஒன்றுக்கு நான்கு யோசனைகள். கண்ணாடிப் புட்டி, தகர டப்பா, காகித உறை, காற்றை வெளியே மட்டும் விடும் வால்வு பொருத்திய பை என எல்லாவற்றையும் வரைந்து பார்க்க வேண்டும். புட்டி மணத்தைக் காக்கும். ஆனால் கனம், கொண்டை ஊசி வளைவுகளில் உடையும். டப்பா உறுதியானது, விலை கூடுதல். காகிதம் மலிவு, ஈரம் ஏறும். வால்வுப் பை காப்பிக்கு ஏற்றது, ஆனால் பயன்படுத்திய பின் குப்பை. முதலில் தோன்றிய யோசனையையே பிடித்துக்கொள்ளாமல், மணம், ஈரம், கனம், செலவு, குப்பை என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பதே திட்டப் பணியின் உயிர்.

மூன்றாவது, விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுதல். உதாரணமாக 100 ரூபாய்க்கு விற்கும் பொட்டலத்தில் தூளுக்கு 55, அரவைக் கூலி 10, கடைக்காரர் லாபம் 15, வரி, வண்டிக்கூலி, சேதாரத்துக்கு 10 என்று கழித்தால் மிச்சம் 10 ரூபாய். பொட்டலச் செலவும் தயாரிப்பாளரின் லாபமும் இதற்குள் அடங்க வேண்டும். டப்பா மட்டுமே 25 ரூபாய் என்றால் அந்த யோசனை அங்கேயே விழுந்துவிடும். இந்தக் கணக்கைக் கல்லாவில் உட்கார்ந்தவரைப் போல மாணவனுக்கு யார் சொல்லித் தர முடியும்?

நான்காவது, மாதிரி செய்து சோதித்தல். பத்துப் பொட்டலங்களைக் கட்டி, மலைக்கடையில் சிலவும் சேலத்துக் கடையில் சிலவும் வைத்து, ஒரு மாதம் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் மறுபடியும் வரைபடத்துக்குத் திரும்ப வேண்டும். இதற்கான நாட்களையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் ஒதுக்கிவிடுவது நல்லது.

ஐந்தாவது, சட்டம். பொட்டலத்தில் நிகர எடை, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்தவர் முகவரி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றுக்கு இடம் வேண்டும். சிக்கரி கலந்தால் எத்தனை சதவீதம் என்று அச்சிட வேண்டும். அழகுக்குப் படம் போட்டுவிட்டு இவற்றுக்கு இடம் தேடினால் அச்சுச் செலவு இரட்டிப்பாகும்.

பயன்படுத்திய பின் என்ன?

சிறு பொட்டலத்தின் பலத்தைத் தமிழ்நாடு நன்றாக அறியும். கடலூர் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயுடன் தனியாகத் தொடங்கி, சிக் ஷாம்பூவைப் பெட்டிக்கடை வரை கொண்டுசென்றார். வியாபாரம் பெருகியது. காலியான பாக்கெட்டுகள் சாக்கடையை அடைப்பதையும் நாம் பார்க்கிறோம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தபோது, கையிருப்பை என்ன செய்வது என்று திண்டாடியவர்கள் நாம்தான். ஆகவே காலி உறை எங்கே போகும் என்ற கேள்வியை மாணவர்கள் முதல் நாளே கேட்கட்டும்.

நாம் செய்யக்கூடியவை

மந்தமான நேரத்தில் கால் மணி ஒதுக்கி, எந்தச் சரக்கு திரும்பி வருகிறது, ஏன் திரும்பி வருகிறது என்பதை மாணவர்களுக்குச் சொல்லலாம். மாதிரியை வைத்துப் பார்க்க அலமாரியில் ஒரு தட்டு தரலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி, புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் முதலில் 10 ஆண்டும், நீட்டித்தால் மேலும் 5 ஆண்டும் பாதுகாப்பு உண்டு. விண்ணப்பிப்பதற்கு முன் அதை வெளியிட்டுவிட்டால் அந்த உரிமை பறிபோகலாம். எனவே அலமாரியில் வைக்குமுன் பதிவு பற்றி விசாரிக்கும்படி பிள்ளைகளுக்கு நாமே நினைவூட்ட வேண்டும். அவர்கள் யோசனை நமக்குப் பிடித்திருந்தால், உரிய பங்கைப் பேசி எழுதிக்கொண்டு பயன்படுத்துவதே நாணயம்.

எந்தப் பொட்டலம் கிழிகிறது, எது ஈரம் படுகிறது, எதை வாடிக்கையாளர் தொட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார் என்பது தினமும் நம் கண்முன் நடப்பது. மாணவனிடம் நேரமும் உழைப்பும் இருக்கின்றன. நம்மிடம் அனுபவம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால், மலையிலிருந்து மூட்டையாக இறங்கும் சரக்கு, மலையின் பெயரோடு பொட்டலமாக இறங்கும்.