தரையில் விழுந்த துளி எங்கிருந்து வந்தது?

பெங்களூரு சிவாஜிநகரில், ரஸ்ஸல் மார்க்கெட்டை ஒட்டிய சந்துகளில் வாகனம் நிறுத்துவோருக்கு ஒரு சங்கடம் உண்டு. காலையில் காரை எடுக்கும்போது அடியில் கறுத்த கறை ஒன்று தெரிந்தால், அது நம் வண்டியிலிருந்து ஒழுகியதா, நேற்று அதே இடத்தில் நின்ற ஆட்டோவினுடையதா, சரக்கு இறக்க வந்த வேனுடையதா என்று சொல்ல இயலாது. கடந்த மழைக்காலத்தில் எனக்கு நேர்ந்ததும் இதுவே. ஒன்பது ஆண்டுகள் ஓடிய, கையால் கியர் மாற்றும் சிறிய பெட்ரோல் கார் என்னுடையது. கறையைக் கண்ட அன்றே ஒரு பணிமனைக்கு எடுத்துச் சென்றேன். வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் பழுதாகிவிட்டது, கியர்பாக்ஸை இறக்கவேண்டும், இறக்குவதோடு கிளட்ச்சையும் மாற்றிவிடுவது நல்லது என்றனர். மதிப்பீடு 19,000 ரூபாய். அவர்கள் பார்த்த நேரம் ஐந்து நிமிடம்கூட இராது.

வணிகவியல் படித்து வங்கிக்கு வந்தவனுக்கு இயந்திரம் தெரியாது. ஆனால் கணக்கு இடிக்குமிடம் வேறு, பிழை நேர்ந்த இடம் வேறு என்பது தெரியும். நாள் முடிவில் ரொக்கத்தில் வேறுபாடு தெரிந்தால், காலை பத்தரை மணிக்கு எழுதிய வவுச்சர்வரை பின்னோக்கிச் செல்கிறோம். எண்ணெய் ஒழுக்கும் அப்படிப்பட்டதே. மேலே கசியும் எண்ணெய் என்ஜினின் உடல்மீது வழிந்து, ஓடும்போது அடிக்கும் காற்றால் பின்னோக்கித் தள்ளப்பட்டு, மிகத் தாழ்வான ஒரு விளிம்பில் சேர்ந்து சொட்டுகிறது. சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து முடிவு சொன்னால் தவறு நேரும். எனவே பணிமனையில் ஒரு வாரம் அவகாசம் கேட்டு வந்தேன். அடுத்து வந்தது இரண்டாம் சனிக்கிழமை, வங்கி விடுமுறை.

முதல் வேலை, கறை நம்முடையதுதானா என்று உறுதிசெய்வது. பிரித்து விரித்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இரவில் காரின் முன்பகுதிக்கு அடியில் தள்ளி, முன்சக்கரங்கள் இரண்டும் நிற்கும் இடத்தை அதன்மேல் பேனாவால் குறித்துக்கொள்ளவேண்டும். அண்டை வீட்டில் ஆட்டோ ஓட்டும் பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, "சார், அட்டைக்கு மேல வெள்ளைத்தாள் போடுங்க, அட்டையில எல்லாமே கறுப்பாத்தான் தெரியும்" என்றார். சரியான யோசனை. அட்டை எண்ணெயை உறிஞ்சி நிறத்தை மாற்றிவிடுகிறது. வெள்ளைத்தாளில் உண்மை நிறம் தெரிகிறது.

காலையில் தாளில் நான்கு துளிகள் இருந்தன. இனி, அது எந்தத் திரவம் என்று அறியவேண்டும். தெளிவான, மணமற்ற நீர், முன் இருக்கைக்கு நேர் கீழே விழுந்திருந்தால் அது ஏ.சி.யில் குளிர்ந்து வடிந்த நீர், கவலை வேண்டா. பச்சை, இளஞ்சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறத்தில், விரலில் லேசாக ஒட்டி, இனிப்பு மணம் வீசினால் கூலண்ட். அதைச் சுவைத்துப் பார்க்கவே கூடாது. பெரும்பாலான கூலண்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. தெரு நாய்கள் அதன் இனிப்புக்காக நக்கி இறப்பதுண்டு. எனவே சிந்தியதை உடனே கழுவிவிடவேண்டும். பழுப்பு முதல் கறுப்பு வரை நிறமும் வழவழப்பும் இருந்தால் என்ஜின் ஆயில். தேன் நிறத்தில், இன்னும் கெட்டியாக, அழுகிய முட்டையையோ பூண்டையோ நினைவூட்டும் நெடியுடன் இருந்தால் கியர் ஆயில். பற்சக்கரங்களைக் காக்க அதில் சேர்க்கும் கந்தகக் கலவையே அந்த நெடிக்குக் காரணம். இளமஞ்சளாக, நீர்போல மெலிந்து, ஆனாலும் வழுக்கினால் பிரேக் ஆயில். அது வண்டியின் பெயிண்டை அரிக்கும். கையில் பட்டாலும் கழுவிக்கொள்ளவேண்டும்.

ஐயம் தீரவில்லையென்றால் ஒரு கண்ணாடித் தம்ளரில் நீர் எடுத்து, ஒரு துளியை விடுங்கள். என்ஜின் ஆயிலும் கியர் ஆயிலும் மேலே மிதக்கும். கூலண்ட்டும் வழக்கமான பிரேக் ஆயிலும் நீரில் கரைந்துவிடும். அந்தத் தம்ளரை மீண்டும் சமையலறைக்குக் கொண்டுசெல்லவேண்டா என்று என் மனைவி சொன்னதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

கையால் கியர் மாற்றும் காரில் இந்தச் சோதனை மேலும் முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேருமிடத்தில், கிளட்ச்சை மூடியுள்ள மணி வடிவக் கூடு ஒன்று இருக்கிறது. பணிமனையில் பெல் ஹவுசிங் என்பர். அதன் அடிப்பகுதியிலிருந்து மூன்று வெவ்வேறு திரவங்கள் சொட்டக்கூடும். என்ஜினின் பின்பக்கச் சீல் தேய்ந்தால் என்ஜின் ஆயில் வரும். கியர்பாக்ஸின் முன்பக்கச் சீல் தேய்ந்தால் கியர் ஆயில் வரும். கிளட்ச்சை நீரியல் அழுத்தத்தால் இயக்கும் கார்களுள் சிலவற்றில் அதன் சிலிண்டர் இந்தக் கூட்டுக்குள்ளேயே இருப்பதால், அது கசிந்தால் பிரேக் ஆயில் வரும். பல சிறிய கார்களில் கிளட்ச்சை இழுப்பது கேபிள்தான். அவற்றில் இந்த மூன்றாவது வகைக்கு இடமில்லை. காரின் கையேட்டில் இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

இம்மூன்றுக்கும் நடத்தையிலும் வேறுபாடு உண்டு. கிளட்ச் சிலிண்டர் கசிந்தால் மிதி தளர்ந்து உள்ளே போகும், கியர் விழ மறுத்துக் கரகரக்கும், பானெட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டமும் குறையும். பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் டப்பா ஒன்றே என்பதை மறக்கலாகாது. என்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ கிளட்ச் தட்டில் படிந்தால், மேட்டில் ஏறும்போது என்ஜின் இரையும், வேகம் ஏறாது. கியர் ஆயிலுக்குப் பெரும்பாலும் டிப்ஸ்டிக் கிடையாது. பக்கவாட்டில் உள்ள நிரப்பும் துளையின் கீழ்விளிம்பு வரை இருக்கவேண்டும் என்பதே அளவு. அதைப் பார்க்க வண்டி சமமாக உயர்த்தப்படவேண்டும் என்பதால், அந்த வேலையைப் பணிமனைக்கே விட்டுவிடலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலையை நுழைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

என் தாளில் விழுந்தது கறுப்பு, நீரில் மிதந்தது, கந்தக நெடி இல்லை. ஆகவே என்ஜின் ஆயில்தான், சொட்டியதும் பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழேதான். இதுவரை பணிமனை சொன்னது சரி. ஆனால் கிளட்ச் வழுக்கவில்லை. குளிர்ந்த என்ஜினில் பானெட்டைத் திறந்து, கைவிளக்கை அடித்து, கீழிருந்து மேலாகப் பார்த்தேன். கியர்பாக்ஸின் மேற்பரப்பிலேயே எண்ணெய்ப் பிசுக்கு இருந்தது. எண்ணெய் கீழிருந்து மேலே ஏறாது அல்லவா?

அந்தப் பகுதியைத் துணியாலும் கடையில் கிடைக்கும் பிசுக்கு நீக்கியாலும் நன்கு துடைத்துக் காயவிட்டு, குழந்தைகளுக்குப் பூசும் டால்கம் பவுடரை மெல்லத் தூவினேன். பின் திறந்த வெளியில் என்ஜினைக் கால் மணிநேரம் ஓடவிட்டேன். மூடிய இடத்தில் இதைச் செய்யக்கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும். வெள்ளைப் பவுடரில் கறுத்த கோடு ஒன்று இறங்கியிருந்தது. அதன் தொடக்கம் என்ஜினின் உச்சியில், டேப்பட் கவர் எனப்படும் மேல்மூடியின் பின்மூலையில். மூடிக்கு அடியிலுள்ள ரப்பர் பாக்கிங் வெப்பத்தில் இறுகி வெடித்திருந்தது. புதிய பாக்கிங்கும் கூலியும் சேர்த்து 1,400 ரூபாயில் வேலை முடிந்தது, கியர்பாக்ஸைத் தொடவேண்டியிருக்கவில்லை. அந்தப் பணிமனை வேண்டுமென்றே ஏமாற்றியது என்று நான் கருதவில்லை. பெல் ஹவுசிங்கில் எண்ணெயைக் கண்டதும் பழக்கத்தால் வந்த முடிவு அது.

எல்லா ஒழுக்கும் இவ்வளவு எளிதில் தீரும் என்று எண்ணவேண்டா. சக அலுவலர் ஒருவர் பிரேக் ஆயில் டப்பாவின் மட்டம் குறையக் குறைய, ஒரு மாதம் ஊற்றிக்கொண்டே ஓட்டினார். பின்சக்கரத்தின் உட்புறம் ஈரமாக இருந்ததை அவர் குனிந்து பார்க்கவில்லை. ஒரு மாலை, கமர்ஷியல் தெரு நெரிசலில் பிரேக் மிதி தரைவரை சென்றது. வேகம் குறைவாக இருந்ததால் முன்னால் நின்ற வண்டியின் பம்பரோடு போயிற்று. பிரேக் ஆயில் மூடிய அமைப்புக்குள் இருப்பது. பிரேக் பட்டைகள் தேயத் தேய அதன் மட்டம் சிறிது இறங்கும். மீண்டும் மீண்டும் ஊற்றவேண்டி வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள். அந்நிலையில் வண்டியை ஓட்டாமல் பணியாளரை வீட்டுக்கு வரவழைப்பதே முறை. பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே. கூலண்ட் ஒழுகி வெப்பமுள் ஏறினால் நிறுத்திவிட்டு ஆறவிடவேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும்.

கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று உறுதியானால், செலவில் பெரும்பங்கு இறக்கி ஏற்றும் கூலியே. எனவே இரண்டு சீல்கள், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங் ஆகிய அனைத்தையும் அதே வேளையில் பார்த்துவிடச் சொல்லுங்கள். உதிரிபாகம், கூலி ஆகியவற்றைப் பிரித்து எழுதிய மதிப்பீட்டைக் கேளுங்கள்; மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள். சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் கதவுக் கண்ணாடியும் விளக்கும் நல்ல விலையில் கிடைக்கும். ஆனால் சீல், பாக்கிங் போன்ற ரப்பர் பொருள்களைப் புதிதாகவே வாங்கவேண்டும்.

காப்பீட்டைப் பற்றி வாடிக்கையாளர்கள் அடிக்கடி கேட்கின்றனர். தேய்மானத்தால் வரும் ஒழுக்கை வழக்கமான வாகனப் பாலிசி ஏற்பதில்லை. வேகத்தடையிலோ கல்லிலோ இடித்து ஆயில் சம்ப் உடைந்தால் அது விபத்து, இழப்பீடு கோரலாம். ஆனால் இடித்தபின் எண்ணெய் வடிய வடிய ஓட்டி என்ஜின் இறுகிப்போனால், அதைத் தொடர்விளைவு இழப்பு எனக் கருதிப் பொதுவாக மறுத்துவிடுவர். என்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. இடித்த ஓசை கேட்டவுடன் ஓரமாக நிறுத்தி அடியில் பாருங்கள். ஆயில் விளக்கு எரிந்தால் என்ஜினை அணைத்துவிடுங்கள்.

பழைய கார் வாங்கக் கடன் கேட்டு வருவோரிடம் நான் இப்போது ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். என்ஜின் அடிப்பகுதி புதிதாகக் கழுவிப் பளபளப்பாக இருந்தால் மகிழவேண்டா. கழுவியதற்குக் காரணம் இருக்கலாம். 15 கிலோமீட்டர் ஓட்டிவந்து, அரைமணிநேரம் வெள்ளைத்தாளின்மேல் நிறுத்திவைத்துவிட்டு, அதன்பின் விலையைப் பேசுங்கள். சென்ற மாதம் ஒரு வாடிக்கையாளர் அந்தத் தாளை மடித்து என் மேசைக்கே கொண்டுவந்தார். தேன் நிறத்தில் இரண்டு துளிகள் இருந்தன. முகர்ந்து பார்த்தேன், கந்தக நெடி. விற்பவர் விலையில் 12,000 ரூபாய் குறைத்துக்கொண்டார். கடன் விண்ணப்பத்திலும் தொகையைத் திருத்தி எழுதினோம்.