சரபோஜிக்கு சிலை வடித்த லண்டன் சிற்பி: தஞ்சாவூரில் தவறவிடக்கூடாத 2 பளிங்குச் சிற்பங்கள்!

டென்மார்க்கின் கோபன்ஹேகனில் தோர்வால்ட்சன் என்ற ஒரே சிற்பிக்காக 1848-ல் தனி அருங்காட்சியகம் திறந்தார்கள். அதே காலத்து பாணியில் செய்த சிலைகளைப் பார்க்க திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்கள் விமானம் ஏற வேண்டியதில்லை. தஞ்சாவூர் பஸ் பிடித்தாலே போதும்.

யார் இந்த பிளாக்ஸ்மேன்?

ஜான் பிளாக்ஸ்மேன், 1755-ல் பிறந்த ஆங்கிலேயச் சிற்பி. ரோமில் 7 ஆண்டுகள் தங்கி பழைய சிலைகளைப் பார்த்துப் பழகியவர். பழைய கிரேக்க, ரோமானிய சிலைகளைப் போல வெள்ளைப் பளிங்கு, அலங்காரக் குறைவு, அமைதியான முகம். இதைத்தான் 'நியோகிளாசிக்கல்' பாணி என்கிறார்கள். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு, முதல் பார்வையில் 'என்னப்பா, சும்மா நிக்குது' என்றுகூட தோன்றலாம்.

எங்கே இருக்கிறது?

தஞ்சை அரண்மனை கலைக்கூடத்தின் தர்பார் மண்டபத்தில், இரண்டாம் சரபோஜி மன்னர் கைகூப்பி நிற்கிறார். அதைச் செய்தவர் பிளாக்ஸ்மேன். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை! கலைக்கூடத்துக்குப் போகும் பலர் சோழர் கால வெண்கலச் சிலைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இந்தச் சிலை முன் 5 நிமிஷம் நில்லுங்கள். 1798-ல் அரியணை ஏறிய சரபோஜி, மறு ஆண்டே ஆட்சி நிர்வாகத்தைக் கிழக்கிந்திய கம்பெனியிடம் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அது தெரிந்து பார்த்தால் கூப்பிய கைகள் வேறு மாதிரி தெரியும்.

இரண்டாவது சிற்பம் பலருக்குத் தெரியாது. பெரிய கோயிலை ஒட்டிய சிவகங்கைப் பூங்கா பக்கம் உள்ள சுவார்ட்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸ், சிறுவன் சரபோஜிக்குப் பாதுகாவலராக இருந்தவர். 1798 பிப்ரவரியில் இறந்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் அவரது கையை மன்னர் பிடித்திருப்பதைப் புடைப்புச் சிற்பமாக்கியிருக்கிறார் பிளாக்ஸ்மேன்.

இதில் கவனிக்க வேண்டியது, காசு கொடுத்தவர் யார் என்பது. சென்னை கோட்டை புனித மேரி தேவாலயத்திலும் சுவார்ட்ஸுக்கு நினைவுச் சிற்பம் உண்டு. அதைச் செய்யச் சொன்னது கம்பெனி. தஞ்சையில் இருப்பதோ, அதிகாரம் பறிபோன ஒரு மன்னர் தன் வளர்ப்புத் தந்தை போன்றவருக்காக லண்டனில் ஆர்டர் கொடுத்து வரவழைத்தது. ஐரோப்பிய சிற்பம் என்றாலே வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது என்ற நினைப்பு இங்கே செல்லாது.

ஒன்று, இது அருங்காட்சியகம் அல்ல. வழிபாடு நடக்கும் இடம். ஆராதனை நேரத்தில் கேமராவோடு நுழையாதீர்கள்.

திருச்சியில் என்ன இருக்கு?

சுவார்ட்ஸ் தஞ்சைக்குப் போகும் முன் வேலை செய்த ஊரே திருச்சிதான். தெப்பக்குளம் அருகே உள்ள கிறைஸ்ட் சர்ச் 1766-ல் அவர் கட்டியது. இன்னொன்றும் உண்டு. கல்கத்தா பிஷப் ஹீபர் 1826 ஈஸ்டரை தஞ்சையில் கொண்டாடிவிட்டு திருச்சி வந்தார். ஏப்ரல் 3 அன்று குளிக்கும்போது இறந்தார். கல்லறை செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் இருக்கிறது. அவருக்கான பளிங்குச் சிலை சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில். செய்தவர் பிரான்சிஸ் சான்ட்ரி. சென்னை தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ சிலையும் அவர் கைவண்ணம்தான்.