கறுப்பு கோட்டு – 14: அந்த ஒற்றை வரி

சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளுக்கு உதவும் லா கிளார்க் வேலைக்கான அறிவிப்பைப் போன வாரம் பிரித்துப் பார்த்தோம். கடைசி வருஷ மாணவரும் விண்ணப்பிக்கலாம், வயது 20 முதல் 32, தேர்வு எழுத டெல்லி போக வேண்டாம், சென்னையே போதும். மற்றதற்குப் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் நேர்முகத் தேர்வைச் சொல்வதாக இருந்தேன். அதற்குள் தென்காசி மாவட்டம் திருவேங்கடத்துத் தம்பி ஒருவர் அனுப்பிய ஜெராக்ஸ் கட்டு வந்து சேர்ந்துவிட்டது.

திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறார். எழுத்துத் தேர்வின் இரண்டாம் பகுதியில் ஒரு வழக்கைக் கொடுத்து, இத்தனை சொல்லுக்குள் சுருக்கு என்பார்கள். அதற்காகப் புதுத் தீர்ப்புகளை எடுத்துச் சுருக்கிப் பழகுகிறார். தாளின் இடது ஓரத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ‘சம்பவம், கேள்வி, முடிவு, காரணம்’. கீழே பென்சிலில் 611 என்று எழுதி அடித்து, 540 என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார். மூன்றாவதாக 498.

எடுத்துக்கொண்ட தீர்ப்பு, அகில இந்திய நீதிபதிகள் சங்க வழக்கில் 2025 மே 20 அன்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. அப்போதைய தலைமை நீதிபதி கவாய் அமர்வு. கல்லூரியை விட்டு வந்த கையோடு சிவில் நீதிபதி தேர்வு எழுத முடியாது, மூன்று வருஷம் வக்கீல் தொழில் பார்த்திருக்க வேண்டும் என்ற தீர்ப்பு. 1993இல் வந்த நிபந்தனை, 2002இல் போனது, இப்போது திரும்பியிருக்கிறது. அது வந்த வாரம் சட்டக் கல்லூரி விடுதிகளில் ஒரே புலம்பல்.

புலம்பலில் பலர் தவறவிட்ட வரி ஒன்று அதில் இருக்கிறது. நீதிபதிகளிடம் லா கிளார்க்காக இருந்த காலமும் அந்த மூன்று வருஷத்தில் சேரும். தம்பி அதைச் சிவப்பில் அடிக்கோடிட்டு, ஓரத்தில் “அண்ணாச்சி, இத ஏன் ஒருத்தரும் சொல்லல?” என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. வக்கீலாகப் பதிவு செய்தவர் முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அதனால் கிளார்க் வேலைக்குப் போனால் ஒரு வருஷ பிராக்டீஸ் போச்சு என்று சீனியர்கள் பயமுறுத்துவார்கள். நீதிபதி ஆகும் ஆசை உள்ளவருக்கு இனி அந்தப் பயம் வேண்டாம்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுவோம். ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கையில் எவ்வளவு வருகிறது என்பதை ஜூனியர்களிடம் தனியாகக் கேளுங்கள், சபையில் கேட்காதீர்கள். அதே உயர் நீதிமன்றம் தன் நீதிபதிகளுக்கு ஆராய்ச்சி சட்ட உதவியாளர்களை எடுக்கும்போது அறிவித்த தொகை 30,000. சுப்ரீம் கோர்ட்டின் 2025 அறிவிப்பில் 80,000. இரண்டுமே தற்காலிக ஒப்பந்த வேலைதான். ஆனாலும் வக்கீல் பரம்பரை இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, கேஸ் கட்டைப் படித்துக் குறிப்பெடுத்து, பழைய தீர்ப்புகளைத் தேடிக் கொடுத்து, சம்பளமும் வாங்கிக்கொண்டு தொழில் பழக வேறு எங்கே இடம் இருக்கிறது? தென்காசி மாவட்டத்துக்கான உயர் நீதிமன்றக் கிளை மதுரையில் இருக்கிறது. திருவேங்கடத்துக்காரருக்கு அது எட்டாத ஊரும் இல்லை.

நீதிபதிகள் லா கிளார்க் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கத்தை அமெரிக்காவில் தொடங்கிவைத்தவர் ஹோரஸ் கிரே. 1882இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த அவர், ஹார்வர்டில் சட்டம் முடித்த இளைஞர்களை உதவிக்கு வைத்துக்கொண்டு சொந்தப் பையிலிருந்து சம்பளம் கொடுத்தார். பிள்ளைகளைப் பொறுக்கி அனுப்பியவர் அங்கே பேராசிரியராக இருந்த அவருடைய தம்பி. அதற்கு முன் மாசசூசெட்ஸில் கிரேயிடம் உதவியாளராக இருந்த லூயிஸ் பிராண்டைஸ், 1916இல் தானே சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். இங்கே திருவேங்கடத்துத் தம்பியின் பேராசிரியருக்கு அப்படி அண்ணன் யாரும் இல்லை. அதனால்தான் பரீட்சை வைத்து எடுப்பதை நான் வரவேற்கிறேன்.

பக்கம் தீர்ந்துவிட்டது. நேர்முகத் தேர்வு அடுத்த வாரம். அதற்குள் சமீபத்திய தீர்ப்பு ஒன்றை எடுத்து 500 சொல்லுக்குள் சுருக்கி வையுங்கள். அதை வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறோம்.

(தொடரும்)