படவில்லைகளைத் தொலைவிலிருந்து நகர்த்தும் கம்பியில்லாக் கருவி

புது தில்லியின் ஆர்.கே.புரம் பகுதியில் மத்திய அரசின் அலுவலகங்கள் பல உள்ளன. மத்திய நீர் ஆணையமும் மத்திய மின்சார ஆணையமும் அங்குள்ள சேவா பவனத்தில் இயங்குகின்றன. 1961-இல் நிறுவப்பெற்ற அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் மேற்குத் தொகுதிக் கட்டடமொன்றில் உள்ளது. தில்லித் தமிழ்ச் சங்கமும், தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்றும் அதே பகுதியில் அமைந்தவையே. களத்திலிருந்து வரும் அலுவலர் தம் அறிக்கையைப் படங்களுடன் எடுத்துரைப்பதும், ஆசிரியர் திரையிற் படங்காட்டிப் பாடம் நடத்துவதும் இத்தகைய இடங்களில் அன்றாட நிகழ்ச்சிகளாகும். பேசுபவர் கையில் விரல் நீளமுள்ள கருவி ஒன்று இருக்கும். அதன் பொத்தானை அழுத்தியதும் திரையில் அடுத்த படம் தோன்றும்.

சில சமயங்களில் தோன்றாது. மறுபடி அழுத்தினால் இரண்டு படங்கள் தாவிவிடும். இதனால் நேர்வது வெறும் சங்கடம் மட்டுமன்று. ஓர் ஆற்றின் நீர்மட்டப் படம் திரையில் நிற்க, மற்றோர் ஆற்றின் எண்களை ஒருவர் வாசித்துக்கொண்டே போனால், கேட்போர் குறிப்பேட்டில் தவறான எண் ஏறிவிடும். வெள்ளக் காலத்தில் அவ்வெண்ணை நம்பி முடிவெடுப்போர் உண்டு. ஆகவே இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, எப்போது வேலை செய்ய மறுக்கிறது என்பதைக் களப்பணியாளரும் ஆசிரியரும் அறிந்திருத்தல் நலம். இதனை மக்கள் ரிமோட் என்றும் கிளிக்கர் என்றும் வழங்குகின்றனர். இக்கட்டுரையில் கையிலிருக்கும் பகுதியைக் கைக்கருவி என்றும், கணிப்பொறியிற் செருகும் சிறு துண்டை ஏற்பி என்றும் குறிப்போம்.

கோல் தட்டும் முறையிலிருந்து

கண்ணாடிப் படவில்லைகளை விளக்கொளியில் காட்டிய காலத்தில், சொற்பொழிவாளர் கோலால் தரையைத் தட்டுவார். விளக்கின் அருகில் நிற்கும் உதவியாளர் வில்லையை மாற்றுவார். பின்னர் மின்சாரப் படக்கருவிகள் வந்தன. 1961-இல் கோடாக் நிறுவனம் வெளியிட்ட காரசல் என்னும் கருவியின் வட்டத் தட்டில் 80 வில்லைகள் அடங்கின; நீண்ட கம்பியின் முனையிலிருந்த பொத்தானால் பேசுபவரே அவற்றைச் சுழற்ற முடிந்தது. நம் நாட்டில் 1959-இல் தில்லியில் அமைக்கப்பெற்ற தேசியச் செவி-காட்சிக் கல்வி நிறுவனம் இத்தகைய சாதனங்களைப் பள்ளிகளுக்கு அறிமுகப்படுத்தும் பணியில் ஈடுபட்டது. 1961-இல் அது தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவுடன் இணைக்கப்பட்டது. கோடாக் நிறுவனம் 2004-இல் படவில்லைக் கருவிகளின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. வில்லை மறைந்தது, ஸ்லைடு என்னும் பெயர் மட்டும் கணிப்பொறிக்குக் குடிபெயர்ந்தது.

கம்பியின்றித் தொலைவிலுள்ள பொருளை இயக்கும் கருத்து இவற்றினும் பழமையானது. 1895-இல் கொல்கத்தா நகர மண்டபத்தில் ஆசார்ய ஜகதீச சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற மின்காந்த அலைகளால் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார், வெடிமருந்தையும் பற்றவைத்தார். பொதுமக்கள் கூடிய சொற்பொழிவொன்றிலேயே இது நிகழ்ந்தது என்பது நம் பொருளுக்கு மிகவும் பொருத்தமானது. அன்று போஸ் கையாண்ட அலைகள் மில்லிமீட்டர் அளவில் நீளமுள்ளவை. இன்று நாம் கையாள்பவை சுமார் 12.5 சென்டிமீட்டர் நீளமுள்ளவை. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையே.

கணிப்பொறி எதை நம்புகிறது?

ஏற்பியைக் கணிப்பொறியின் யு.எஸ்.பி. துளையிற் செருகியவுடன், அது கணிப்பொறியிடம், ‘நான் ஒரு விசைப்பலகை’ என்று தெரிவிக்கிறது. இதுவே இக்கருவியின் உயிர்நிலை. கணிப்பொறிக்குக் கைக்கருவி ஒன்று இருப்பதே தெரியாது. யாரோ விசைப்பலகையைத் தட்டுகிறார்கள் என்றே அது கருதுகிறது. முன்செல்லும் பொத்தானை அழுத்தினால் ‘பேஜ் டவுன்’ விசைக்குரிய 78 என்னும் குறியெண்ணும், பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் ‘பேஜ் அப்’ விசைக்குரிய 75 என்னும் குறியெண்ணும் உள்ளே செல்கின்றன. தனி மென்பொருள் ஏதும் வேண்டியதில்லை என்பதற்கும், பவர்பாயின்ட் கோப்பு மட்டுமன்றி பி.டி.எஃப். கோப்பும் இக்கருவிக்கு இணங்குவதற்கும் இதுவே காரணம்.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டால் பல குறைகளின் காரணம் தானே விளங்கும். திரையில் வேறொரு சாளரம் முன்னே வந்து நின்றால், விசை அந்தச் சாளரத்துக்கே போய்ச் சேரும், படம் நகராது. இது அலையின் குற்றமன்று. படக்காட்சியின் மேல் ஒருமுறை சொடுக்கினால் போதும். திரையை இருட்டாக்கும் பொத்தான் சில கருவிகளில் ‘பி’ எழுத்து விசையை அனுப்பும். கணிப்பொறி தமிழ் 99 விசைப்பலகை அமைப்பில் இருந்தால் அவ்விடத்தில் ‘ங’ அமைந்திருப்பதால், பொத்தானின் பொருள் மாறிவிடக்கூடும். உரைக்கு முன் ஆங்கில அமைப்புக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பேஜ் டவுன் விசைக்கு இத்தொல்லை இல்லை.

படங்கள் இரண்டிரண்டாகத் தாவுவதற்கும் பெரும்பாலும் அலையைக் குறை கூறுதல் தகாது. பெரிய நிழற்படமோ தேசப்படமோ உள்ள பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவரக் கணிப்பொறிக்கு இரண்டொரு நொடி பிடிக்கலாம். அதற்குள் பேசுபவர் பொறுமையிழந்து மீண்டும் அழுத்துகிறார். கணிப்பொறி இரண்டு அழுத்தங்களையும் வரிசையில் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றுகிறது. ஐயம் தீர எளிய வழி ஒன்று உண்டு. கணிப்பொறியின் சொந்த விசைப்பலகையிலேயே பேஜ் டவுனை அழுத்திப் பார்க்கவேண்டும். அப்போதும் தாமதித்தால் குறை படங்களின் பருமனில் உள்ளது. நிழற்படங்களைச் சிறிதாக்கிச் சேமித்தால் நீங்கிவிடும்.

அலை செல்லும் வழி

கைக்கருவியினுள் இருப்பது நகத்தளவான ஒலிபரப்பி. நொடிக்கு 240 கோடி முதல் 248.35 கோடி வரையான அதிர்வுகள் கொண்ட பட்டையில் அது வேலை செய்கிறது, இதனை 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை என்பர். பலவகைக் கருவிகளில் காணப்படும் நார்டிக் நிறுவனத்தின் சில்லு ஒன்று இப்பட்டையைச் சிறு தடங்களாகப் பகுத்து, ஒரு மில்லிவாட் அளவு சக்தியுடன் செய்தி விடுகிறது. ஒவ்வொரு செய்தியின் தலைப்பிலும் அந்த ஏற்பிக்கே உரிய முகவரி உண்டு. இறுதியில் பிழை காணும் எண்ணும் உண்டு. பக்கத்து அறையில் வேறொருவர் அழுத்தும் பொத்தான் நம் படத்தை நகர்த்தாதிருப்பதற்கு இம்முகவரியே காரணம். செய்தி பிழையின்றிக் கிடைத்தால் ஏற்பி ‘பெற்றேன்’ என்று மறுமொழி அனுப்பும். மறுமொழி வராவிட்டால் கைக்கருவி தானே மீண்டும் அனுப்பும். இத்தனையும் கண்ணிமைக்கும் பொழுதில் நடந்து முடிந்துவிடுகின்றன.

நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தின்படி, கம்பியில்லாக் கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் தேவைப்பட்டது. 2005 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் குறைந்த சக்திக் கருவிகளுக்கு அவ்வுரிமத்திலிருந்து விலக்களித்தன. அவ்விதிகளில் வெளியீட்டுச் சக்தியின் வரம்பு ஒரு வாட். அலைவாங்கியின் குவிப்பையும் சேர்த்தால் நான்கு வாட். நம் கைக்கருவி அதனுடன் ஒப்பிட்டால் எறும்பைப் போன்றது. உரிமமில்லா இடம் என்பதால் அங்கே கூட்டமும் அதிகம். வைஃபை, புளூடூத், கம்பியில்லா மவுஸ், மைக்ரோவேவ் அடுப்பு ஆகிய அனைத்தும் இதே பட்டையில்தான் வாழ்கின்றன.

பெட்டியின் மேல் பத்து மீட்டர், முப்பது மீட்டர் என்று அச்சிட்டிருப்பது இடையே தடையில்லாத வெளிக்கே பொருந்தும். அரங்கில் இருக்கும் பெருந்தடை மனித உடலே. உடலின் பெரும்பகுதி நீர். நீர் இவ்வலைகளை விழுங்கும் இயல்புடையது. காலையில் வெற்று மண்டபத்தில் செவ்வனே இயங்கிய கருவி, மாலையில் மக்கள் நிறைந்த பின் தடுமாறுவது இதனால்தான். கைக்கருவியை வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் கணிப்பொறிக்கு முதுகு காட்டி நிற்பவர், தம் உடலையே குறுக்குச் சுவராக வைத்துக்கொள்கிறார். இரும்பு மேசையும் பீரோவும் அலையைத் திருப்பிவிடும். கணிப்பொறியைப் பூட்டிய இரும்புப் பெட்டிக்குள் வைத்து ஏற்பியையும் அதனுள்ளேயே செருகும் வழக்கம் சில வகுப்பறைகளில் உண்டு. அங்கே கருவி இயங்கினால் அதுதான் வியப்பு.

மற்றொரு தடை கண்ணுக்குத் தெரிவதில்லை. நீல நிற நாக்குடைய யு.எஸ்.பி. 3 துளைகள் வேலை செய்யும்போது, 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலை எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதனை விளக்கி அறிக்கை வெளியிட்டது. வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றைச் செருகிவிட்டு அதன் அருகிலேயே ஏற்பியையும் செருகினால், வீச்சு வெகுவாகக் குறையும். பரிகாரம் மலிவானது. ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியை வாங்கி, அதன் முனையில் ஏற்பியை மாட்டி, மேசைமேல் பேசுபவரை நோக்கி வைக்கவேண்டும். புதிய கருவி வாங்குமுன் இதைச் செய்து பார்த்தல் அவசியம்.

வகுப்பில் செய்து காட்ட

இக்கருவியையே பாடமாக்கலாம். முதலில் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்தினால், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி பல கைப்பேசிகளின் திரையில் வெளிர் ஊதாவாக மின்னும். படக்கைக்கருவியை அவ்வாறு காட்டினால் ஒன்றும் மின்னாது. முன்னது ஒளி, பின்னது வானொலி அலை என்பதை மாணவர் நேரிற் காண்பர். அடுத்து, இரண்டையும் உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும். பின்னர்ச் சமையலறை அலுமினியத் தாளைக் கைக்கருவியின் மேல் இடைவெளியின்றிச் சுற்றி, தாளின் மேலேயே பொத்தானை அழுத்தினால், படம் நகராதிருப்பதைக் காணலாம். இறுதியாக ஒரு மாணவர் இருபது முறை அழுத்த, மற்றொருவர் எத்தனை முறை படம் நகர்ந்தது என்று எண்ணட்டும். நேருக்கு நேர் நின்றும், முதுகைக் காட்டி நின்றும், தொலைவைக் கூட்டிக் குறைத்தும் எண்ணி வரைபடம் தீட்டினால், ஒரு பாடவேளை பயனுறக் கழியும்.

இரண்டு எச்சரிக்கைகள்

ஏற்பி விசைப்பலகை என்று சொல்லிக்கொண்டு நுழைவதால், அதன்வழி யார் எதைத் தட்டினாலும் கணிப்பொறி கீழ்ப்படியும். 2016-இல் பாஸ்டில் என்னும் பாதுகாப்பு நிறுவனத்தார், மறையாக்கம் செய்யப்பெறாத கம்பியில்லா மவுஸ், விசைப்பலகை ஏற்பிகள் பலவற்றுக்குத் தொலைவிலிருந்தே போலி விசையழுத்தங்களை அனுப்ப முடியும் என்று காட்டினர். படக்கைக்கருவிகள் சிலவற்றிலும் இதே ஓட்டை காணப்பட்டது. ஆகையால் அலுவலகக் கணிப்பொறியில், யாருடையது என்று தெரியாத ஏற்பியைச் செருகக்கூடாது. உரை முடிந்தவுடன் ஏற்பியைக் கழற்றிவிட வேண்டும். இரண்டாவது செயலை மறப்போரே மிகுதி.

மற்றது லேசர் ஒளி. சுட்டுவதற்குரிய ஒளி ஒரு மில்லிவாட்டுக்கு மேற்படாத இரண்டாம் வகுப்பைச் சேர்ந்ததாக இருத்தல் நன்று. அவ்வளவினதாயின், தற்செயலாகக் கண்ணிற் பட்டாலும் இமை தானே மூடிக் காத்துக்கொள்ளும். இவ்வகுப்பைக் குறிக்கும் சீட்டு இல்லாத மலிவுக் கருவிகளை நம்பலாகாது. பச்சை ஒளி சிவப்பினும் பிரகாசமாகத் தோன்றுவது நம் கண் 555 நானோமீட்டர் அருகே மிகுந்த உணர்வுடையதாக இருப்பதால்தான். அவ்வொளியை அகச்சிவப்பிலிருந்து உண்டாக்கும் மலிவுக் கருவிகளில் வடிகட்டி இல்லாவிடின், கண்ணுக்குத் தெரியாத கதிரும் கூடவே கசியும். மேலும், துணித்திரையில் பளிச்சிடும் லேசர் புள்ளி, இப்போது வகுப்பறைகளுக்கு வந்துள்ள ஒளிரும் பலகைத் திரைகளில் சரியாகத் தெரிவதில்லை. அங்கே பழைய மரக்கோலே போதும்.

மின்கலங்களைப் பற்றிச் சில சொற்கள். பெரும்பாலான கைக்கருவிகளில் மெல்லிய ஏ.ஏ.ஏ. மின்கலம் ஒன்றோ இரண்டோ இருக்கும். பொத்தான் அழுத்தப்படாதபோது சில்லு உறங்கிக் கிடப்பதால் அவை பல மாதம் வரும்; லேசரை ஓயாது எரிப்பவர்க்கே விரைவில் தீரும். பள்ளி கோடை விடுமுறைக்கு மூடப்படுமுன் மின்கலங்களைக் கழற்றிவிட வேண்டும். கிடந்து கெட்ட காரவகை மின்கலத்திலிருந்து கசியும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, உட்தகடுகளை அரித்துவிடும். ஏற்பியைக் கைக்கருவியின் அடியிலுள்ள குழியில் செருகி, அறையின் எண்ணை இரண்டின் மேலும் ஒட்டி வைக்கலாம். ஏற்பி தொலைந்தால் வேறொன்றை இணைக்கப் பல கருவிகள் இடங்கொடுப்பதில்லை.