கடலடியில் கரியமில வாயு

பூமியினின்று கிடைக்கும் இயற்கை வாயுவில் கரியமில வாயுவும் கலந்திருப்பதுண்டு. வட கடலில், நார்வே நாட்டின் ஸ்லைப்னர் மேற்கு வயலில் இதன் பங்கு சுமார் 9 சதவீதம்; விற்பனைக்கு 2.5 சதவீதமாகக் குறைத்தல் வேண்டும். பிரித்ததைக் காற்றில் விடுவதே பெருவழக்கம்; அதனால் புவியின் வெப்பம் மிகும். 1991-ல் நார்வே இதற்கு வரி விதித்தது. எனவே 1996 முதல், அமின் கரைசலால் பிரிக்கப்பட்ட வாயு, கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில், உப்புநீர் ஊறிய மணற்பாறையினுள் செலுத்தப்பட்டது. அங்குள்ள அழுத்தத்தால் அது திரவம்போல் அடர்த்தியாகிறது. எனினும் நீரினும் இலேசானதாகையால் மேலெழ முயலும். அதைத் தடுத்து நிறுத்துவது மேலுள்ள களிப்பாறைப் படலமே. அதிர்வலைகளைச் செலுத்தி, எதிரொலியைப் பதிந்து, வாயு பரவும் எல்லை அவ்வப்போது அறியப்பட்டது. உறுதியான மூடுபாறையும் இடைவிடாக் கண்காணிப்பும் இல்லாவிடத்து இம்முறை பயன்படாது.