தேயிலைச் சாயமும் இறப்பர்ப் பலகையும்

தோட்டப்புறங்களிலே பால் கலவாத தேநீரைச் 'சாயம்' என்றே வழங்குவர். விடியுமுன் ஒரு கோப்பைச் சாயம் குடித்துவிட்டுப் பிரட்டுக்களத்துக்கு நடந்த முன்னோர், அப்பெயரை வேடிக்கைக்காக வைத்தாரல்லர். உண்மையிலேயே அது சாயம்தான். வெள்ளைத் துணியிற் சிந்தினால் எளிதிற் போகாது. சீவிய பலகையிற் சிந்தினாலும் போகாது. கறையென்று நாம் கடிந்துகொள்ளும் இக்குணத்தையே பயனாக்கிக்கொண்டு, தச்சுவேலை பழகத் தொடங்குவோர் தம் முதற் பலகைக்கு நிறமேற்றும் வகையை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம்.

சப்ரகமுவ மாகாணத்தின் இரு மாவட்டங்களான இரத்தினபுரியிலும் கேகாலையிலும் தேயிலையும் இறப்பரும் அண்டை வீட்டாரைப் போல வளர்கின்றன. பலாங்கொடை, இறக்குவானைப் பக்கங்களில் தேயிலையையும், யட்டியாந்தோட்டை, தெகியோவிட்ட, எகலியகொடைப் பக்கங்களில் இறப்பரையும் மிகுதியாகக் காணலாம். இவற்றுள் இறப்பர் வந்த கதை பலரும் அறிந்ததே. 1876 ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைவிக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே 1,919 கன்றுகள் கப்பலேறி இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பகாவுக்கு அண்மையிலுள்ள எனரத்கொடைத் தோட்டம் அவற்றின் முதல் இருப்பிடமாயிற்று. பாலுக்காகவே வந்த மரம் அது. பலகைக்காக அதனை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஏறத்தாழ முப்பது வயதாகிப் பால் வற்றிய மரத்தை வெட்டி வீழ்த்திப் புதுக்கன்று நடுவதே முறை. வீழ்த்திய மரம் நெடுங்காலம் விறகாகவே போயிற்று. தேயிலைத் தொழிற்சாலைக்கும் லயத்து அடுப்புக்கும் அதுவே தீனி.

அதற்குக் காரணம் மரத்தின் வலுக்குறைவன்று. இறப்பர் மரம் நடுத்தரக் கனமும் நல்ல உறுதியும் உடையது. வெண்மையிலே சிறிது மஞ்சள் கலந்த அதன் நிறமும் கண்ணுக்கு இனியது. குறை அதன் இனிப்பில் இருக்கிறது. மரத்தினுள்ளே மாச்சத்தும் சர்க்கரையும் மிகுதியாக இருத்தலால், வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து நீலமும் சாம்பலுமாகக் கறுத்துவிடும். பின்னர்த் துளைவண்டு புகுந்து, உள்ளே உளுத்து, மாவாய் உதிரும். வெட்டிய கையோடு அறுத்து, வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரை அழுத்தத்தால் உள்ளேற்றி, சூளையில் உலர்த்தும் முறை கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய பிறகே இறப்பர் மரம் மேசையும் நாற்காலியுமாக மதிப்புப் பெற்றது.

இதை இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாயம் நிறத்தைத் தருமேயன்றிக் காவலைத் தராது. இவ்வுண்மையை அறியாதாரை ஏய்ப்பவரும் உளர். மருந்தேற்றாத இறப்பர்ப் பலகையிலே கருஞ்சிவப்புச் சாயத்தைத் தீட்டி, மினுமினுக்க வார்னிஷும் பூசி, மகோகனி என்று விற்றுவிடுவர். மகளின் கல்யாணத்துக்கென்று சீட்டுக்கட்டிச் சேர்த்த பணத்திலே வாங்கிய அலுமாரி, இரண்டு மழைக்காலம் கழிவதற்குள் காலடியில் வெண்மாவைக் கொட்டத் தொடங்கினால் அக்குடும்பத்தின் நிலை என்னாகும்? ஆகவே, வாங்குமுன் அலுமாரியின் முகத்தைப் பாராதீர்கள், முதுகைப் பாருங்கள். இழுப்பறையைக் கழற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். சாயம் படாத அவ்விடங்களில் குண்டூசி முனையளவான துளைகளும் மெல்லிய மாவும் தென்பட்டால் விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பிவிடுங்கள். நாமே செய்வதற்குப் பலகை வாங்கும்போதும் மருந்தேற்றி உலர்த்தியதா என்று முதலிற் கேட்டல் வேண்டும். அம்மருந்து நீரிற் கரைவது. எனவே அத்தகைய பலகை வீட்டுக்குள்ளிருக்கும் பொருளுக்கே ஏற்றது. மழை படும் இஸ்தோப்புக்கும் கோழிக்கூட்டுக்கும் உதவாது.

இனி வேலைக்கு வருவோம். முதன்முதலாகச் செய்வோர் ஒரு சிறு முக்காலியையோ புத்தகத் தட்டையோ எடுத்துக்கொள்வது நன்று. நிறமேற்றுதலில் முக்காற்பங்கு வேலை நிறமேற்றுமுன்னரே முடிந்துவிடுகிறது என்பதைத் தேர்ந்த தச்சர் எவரும் ஒப்புவர். பலகையை அரத்தாளால் தேய்க்கவேண்டும். கடையில் சான்ட் பேப்பர் என்று கேட்டால் 80, 120, 180 என எண்ணிட்டு வைத்திருப்பர். எண் ஏற ஏற மணல் நுண்ணிதாகும். இவ்வரிசையிலேயே மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்கவேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வெறும் பலகையிலே கண்ணுக்குப் புலப்படாது. சாயம் பட்டதும் பூனை பிறாண்டியது போலப் பளிச்சென்று எழும்பி நிற்கும். 180க்கு மேலே மெருகேற்றவும் வேண்டாம். மிக வழவழப்பான பலகை சாயத்தை உறிஞ்சாது. பலகையின் வெட்டுமுனை மட்டும் இதற்கு விலக்கு. நீரைக் குழாய்போல் உறிஞ்சிக் கன்னங்கரேலென்று ஆகிவிடும் இயல்பினதாதலால், அதனை இன்னும் ஒருபடி நுண்ணிய தாளால் தேய்த்து அடைக்கவேண்டும்.

பொருத்துகளில் பிதுங்கிய பசையை ஈரத்துணியால் அப்போதைக்கப்போதே துடைத்துவிடவேண்டும். பசை காய்ந்த இடத்தில் சாயம் ஏறாது. வெள்ளைத் தேமல் போல நின்று செய்தவரின் அவசரத்தை ஆண்டுக்கணக்கிற் காட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தபின் பலகை முழுவதையும் நனைந்த துணியால் ஒருமுறை துடைத்து உலரவிட்டால் மரமயிர் சிலிர்த்து எழும். அதைப் பழைய தாளால் மெல்லத் தடவி எடுத்துவிட்டால், பின்னர் நீர்ச்சாயம் படும்போது பலகை சொரசொரப்பாகாது.

சாயத்துக்குத் தூள் உயர்ந்ததாக இருக்கவேண்டுவதில்லை. சப்ரகமுவத் தேயிலை கடுஞ்சாயத்துக்குப் பேர்போனது. அதன் நல்ல தூள் கப்பலேறட்டும், நமக்கு மலிவான பொடித்தூளே போதும். ஆயினும் ஒருமுறை வடித்த சக்கை உதவாது. சத்து அதிலே மிஞ்சியிருப்பதில்லை. அரை லீற்றர் நீருக்கு 50 கிராம் தூள் இட்டு, நீர் பாதியாகும்வரை காய்ச்சி, ஆறவைத்து, துணியால் இருமுறை வடிகட்டுங்கள். துணிப்பந்தை அதில் தோய்த்துப் பலகை முழுவதும் தாராளமாகத் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, மிகுந்ததைத் துடைத்து உலரவிடவேண்டும். இப்படி மூன்று முறை செய்தால் இளந்தேன் நிறம் வரும். அதனோடு நிறுத்திக்கொள்வாரும் உண்டு. இறப்பர் மரத்துக்கு அந்நிறம் மிகவும் பொருந்தும் என்பதே நமது அபிப்பிராயம்.

கருமை வேண்டுவோருக்கு இரும்பு வேண்டும். வாழைக்காயை இரும்புக் கத்தியால் அரிந்த நம் தாய்மார்கள், கத்தியும் விரலும் கறுப்பதைக் கண்டிருக்கிறார்கள். காயின் துவர்ப்பும் கத்தியின் இரும்பும் கூடியதால் வந்த கருமை அது. தேயிலையிலும் அத்தகைய துவர்ப்பு உண்டு. கடுக்காயையும் அன்னபேதியையும் கூட்டிக் கறுப்பு மை செய்த நம் முன்னோர் கண்ட வழியும் இதுவே. அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. தமிழ்நாட்டிலே கருப்பூரிலும் ஆந்திரத்திலே காளத்தியிலும் கலங்காரித் துணி எழுதுவோர் கடுக்காய் ஊட்டிய துணியின்மேல், வெல்லத்திலே துருவிரும்பைப் புளிக்கவைத்த நீரால் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். ஐரோப்பியர் நூற்றாண்டுகளாகப் பத்திரங்கள் எழுதிய மையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

தேக்கு, கருங்காலி முதலிய கருநிற மரங்களைப் போலன்றி வெளிறிய இறப்பர் மரத்தில் இயற்கையான துவர்ப்பு குறைவு. ஆதலால் வெறும் இரும்பு நீரைத் தடவினால் அழுக்குச் சாம்பல் நிறமே மிஞ்சும். மரத்தில் இல்லாத துவர்ப்பைத் தேயிலை கொடுக்கிறது. இரும்பு அதைப் பற்றிக்கொண்டு கறுக்கிறது. முதலில் தேயிலை, பிறகே இரும்பு என்ற முறைக்குக் காரணம் இதுதான்.

இரும்பு நீர் தயாரிக்கக் கால் லீற்றர் வினாகிரியும், பாத்திரம் துலக்கும் இரும்பு நாரில் ஒரு பிடியும் போதும். துருவேறாத உருக்கு நார் பயன்படாது. நாரிலுள்ள எண்ணெய் போகச் சவர்க்காரமிட்டுக் கழுவி, கண்ணாடிப் போத்தலில் இட்டு வினாகிரியை ஊற்றி, மூடியைத் தளர்வாக வையுங்கள். உள்ளே ஐதரசன் வாயு எழுமாதலால் இறுக மூடினால் போத்தல் வெடிக்கக்கூடும். அருகே நெருப்பும் ஆகாது. மூன்று நாள் முதல் ஒரு வாரத்துள் நார் பெரும்பாலும் கரைந்துவிடும். வடிகட்டிப் பயன்படுத்தலாம். இறப்பர் உறையவைக்கும் போமிக் அமிலம் தோட்டத்தில் எளிதாகக் கிடைக்கிறதே, வினாகிரிக்குப் பதிலாக அதை ஊற்றினால் என்ன என்று சில இளைஞர் நினைக்கலாம். வேண்டவே வேண்டாம். அது தோலைச் சுடும். அதன் ஆவி கண்ணையும் சுவாசத்தையும் தாக்கும். வினாகிரி செய்யும் வேலைக்கு அதைக் கூப்பிடத் தேவையில்லை. தயாரித்த இரும்பு நீரும் பார்வைக்குத் தேநீர் போலவே இருக்குமாதலால், குடிக்கும் கோப்பையிலோ சோடாப் போத்தலிலோ ஊற்றிவைக்காமல், பெயர் எழுதிப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைக்கவேண்டும்.

தேயிலை ஊட்டி உலர்ந்த பலகைமீது இந்நீரைத் தூரிகையால் தடவினால் கண்முன்னாலேயே நிறம் மாறும். முதலிற் சாம்பல், பிறகு ஊதா கலந்த கருமை. சில நிமிடத்தில் நிறம் இறங்கி நிலைத்துவிடும். ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் கலந்தால் மழையில் நனைந்த பழைய வேலிக்கட்டையின் சாம்பல் நிறம் கிடைக்கும். எந்த நிறமாயினும், அதே பலகையில் வெட்டிய துண்டொன்றிலே முதலில் சோதித்துப் பாராமல் பொருளிலே தூரிகையை வைக்கவேண்டாம். ஒரே தோட்டத்து இரு மரங்கள் ஒரே நிறம் தருவதில்லை. சோதனைத் துண்டின்மேல் மேற்பூச்சையும் பூசியே முடிவு காணவேண்டும். உலர்ந்து மங்கியிருக்கும் நிறம் பூச்சுப் பட்டதும் ஆழ்ந்துவிடும்.

உலர்த்துதல் எம் மாகாணத்தார்க்குத் தனிச் சோதனை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது. மே மாதத்துக்கும் செப்டெம்பருக்கும் இடையே ஈரக்காற்றில் தொங்கவிட்ட சட்டையே உலர மறுக்கும்போது பலகை எங்ஙனம் உலரும்? மேலே காய்ந்தது போலிருந்து உள்ளே ஈரம் நிற்க, அதன்மேல் வார்னிஷ் பூசினால் பால்நிறத்தில் வெளுத்துப்போகும். தை, மாசி மாதங்களின் வெயிலுக்குக் காத்திருத்தல் உத்தமம். காத்திருக்க இயலாதவர் ஒவ்வொரு கைக்கும் இரண்டு முழுநாள் இடைவெளி விடவேண்டும். அடுப்பங்கரையில் வைத்து வாட்டினால் பலகை வளையும், முனை வெடிக்கும்.

நீர்ச்சாயம் ஈரக்கை பட்டால் மங்குமாதலால் மேற்பூச்சு அவசியம். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்த பிரெஞ்சுப் பொலிஷை மெல்லிய கைகளாக நான்கைந்து முறை பூசலாம். அது விரைவில் உலரும். எண்ணெயை விரும்புவோர் ஆளிவிதை எண்ணெயை நாடுவர். தேங்காயெண்ணெய் இறுகி உலரும் இனமன்று. பலகையில் தூசியைப் பிடித்துக்கொண்டு காறலெடுக்கும். கறையானுக்கென்று தூணுக்குப் பூசும் கழிவு ஒயில் வீட்டுத் தளபாடத்துக்கு நஞ்சாகும். ரொட்டி தட்டும் பலகை, அகப்பை ஆகியவற்றுக்கு இரும்புச் சாயமும் கூடாது, வார்னிஷும் கூடாது.

ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைப் பற்றி இங்கு அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றே உலர்கிறது. ஏற்கும்போது வெப்பம் பிறக்கிறது. துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றித் திரண்டு, எவரும் தீக்குச்சி கிழிக்காமலே சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளும். நகரத்துப் பட்டறைகள் பல இவ்வாறு எரிந்திருக்கின்றன. தோட்டத்து லயத்திலோ நிலைமை இன்னும் கொடிது. ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள், வரிசையாகக் காம்பராக்கள். ஒன்றிலே விழுந்த பொறி விடியுமுன் அவ்வரிசையிலுள்ள அத்தனை குடும்பங்களின் துணிமணியையும் அடையாள அட்டையையும் பிள்ளைகளின் புத்தகங்களையும் சாம்பலாக்கிவிடும். வேலை முடிந்த துணிகளை ஒவ்வொன்றாக விரித்து வெளியே கொடியில் காயப்போடுங்கள். மழையாயின் நீர் நிறைந்த தகர வாளியில் அமிழ்த்திவையுங்கள். இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதும் இதனை மறக்கலாகாது.

பலாப்பலகை கிடைத்தவர்க்கு ஒரு சொல். 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பலாமரத்தை நினைத்தவுடன் வெட்டிவிட முடியாது, அனுமதி வேண்டும். ஆதலால் கையில் வந்த பலாப்பலகை பெரும்பாலும் பழைய கதவோ கட்டிலோ ஆக இருக்கும். அம்மரத்தின் வைரத்திலேயே மஞ்சட் சாயம் உண்டு. பௌத்த பிக்குகளின் அங்கிக்கு நிறமூட்ட அதன் சிராய்களைக் காய்ச்சிய வழக்கம் இலங்கையிலும் தென்கிழக்கு ஆசிய நாடுகளிலும் நெடுங்காலம் இருந்தது. அதற்கு நாம் எச்சாயமும் தீட்டவேண்டியதில்லை. தேய்த்துப் பொலிஷ் மட்டும் பூசி யன்னலோரம் வைத்தால், பளிச்சிடும் மஞ்சள் மாதக்கணக்கிலே தானாகச் சிவந்து பழுப்பேறும். மேலே வைத்த பூச்சாடியையும் வானொலியையும் முதலாண்டில் மட்டும் அடிக்கடி இடம் மாற்றிவையுங்கள். இல்லாவிடின் அவை இருந்த வடிவத்தில் மஞ்சள் திட்டுகள் தங்கிவிடும்.